'எஞ்சினைப் பிரிக்கணும்மா' என்றால்...

குக்கரின் ஆவித் துவாரத்தைப் பருப்பு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். பெட்ரோல் கார் எஞ்சினுக்கும் அதே மாதிரி ஒரு சமாசாரம் உண்டு. பி.ஸி.வி. வால்வு என்று பெயர். கட்டைவிரல் பருமன்தான். ஆனால், அது படுத்தினால் பர்ஸே காலி!

பெட்ரோல் எரியும்போது கொஞ்சம் வாயு பிஸ்டன் ஓரமாக நழுவி, கீழே ஆயில் இருக்கும் பகுதிக்கு இறங்கிவிடும். அந்தக் காலத்துக் கார்களில் அது ஒரு குழாய் வழியே ரோட்டில் கலந்துவிடும். காற்று கெடுகிறதே என்று, கலிபோர்னியாவில் விற்ற 1961-ம் வருஷ மாடல் கார்களில் இந்த வால்வைப் பொருத்தினார்கள். வாயுவைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்பி எரிக்க வைப்பதுதான் இதன் வேலை.

மெக்கானிக்கைத் துளைத்தெடுத்து நான் தெரிந்துகொண்ட அடையாளங்கள் இவை:

* வால்வு அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, ஸீல், காஸ்கெட் வழியாக ஆயில் கசியும். கார் நின்ற இடத்தில் சொட்டுத் தெரிகிறதா, பாருங்கள்.

* ஆயில் சீக்கிரம் குறையும். பின்னால் நீலப் புகை வரும். ஏர் ஃபில்டரில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும்.

* வால்வு மூடாமல் திறந்தே நின்றுவிட்டால், சிக்னலில் எஞ்சின் உதறும்; அணைந்தும் போகும். சில சமயம் விசில் சத்தமும் கேட்கும்.

பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று கிட்டக்கிட்டவே ஓடும் காருக்குக் கூடுதல் கவனம் தேவை. எஞ்சின் நன்றாகச் சூடாகாததால் உள்ளே ஈரம் தங்கி, ஆயில் பசையாகி வால்வை அடைக்கும்.

இதே அடையாளங்கள் பிஸ்டன் ரிங் தேய்ந்தாலும் வரும். அதனால்தான் சில ஒர்க்‌ஷாப்களில் எடுத்த எடுப்பிலேயே, "எஞ்சினைப் பிரிக்கணும்மா" என்பார்கள். சரியென்று தலையாட்டுமுன், "முதல்ல பி.ஸி.வி. வால்வையும் அதோட ஹோஸையும் பாருங்க" என்று சொல்லுங்கள். பழைய மாதிரி வால்வாக இருந்தால், கழற்றிக் குலுக்கும்போது உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். புதுக் கார்கள் பலவற்றில் அது எஞ்சின் மூடியோடேயே சேர்ந்திருக்கும். அதை மெக்கானிக்தான் பார்க்க வேண்டும்.

ஓடும் எஞ்சின் பக்கத்தில் புடவைத் தலைப்பும் பின்னலும் போகவே கூடாது. சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். "வீடு கிட்டத்தானே, போயிடலாம்" என்ற பேச்சே வேண்டாம்!