அம்மா என்ன தப்பு செய்தாள்?

ஆட்டிசம் பற்றிய பத்துத் தவறான நம்பிக்கைகளைப் பட்டியல் போடத்தான் உட்கார்ந்தேன். ஆனால், ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் எந்த அம்மாவிடம் பேசினாலும் பேச்சு ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. 'நீ என்னம்மா பண்ணே?' வீட்டில் மாமியார் கேட்பார். கல்யாண மண்டபத்தில் முன்பின் தெரியாத அத்தை கேட்பார். மாசமா இருக்கும்போது கிரகணம் பார்த்தியா? வேலைக்குப் போனியா? செல்போனைக் கையில குடுத்தியா? அப்பாவிடம் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

மாமியாரை மட்டும் சொல்லிப் பயனில்லை. மெத்தப் படித்தவர்களும் கேட்ட கேள்விதான் இது. 1943-ல் அமெரிக்காவில் 11 குழந்தைகளைக் கவனித்து ஆட்டிசத்தை விரிவாக எழுதிய மருத்துவர், 'இது பிறவியிலேயே அமைவது' என்றுதான் கட்டுரையை முடித்தார். கூடவே, அந்தப் பெற்றோரில் பாசமானவர்கள் குறைவு என்றும் எழுதிவைத்தார். பிறவி என்றது மறந்துபோனது. பாசம் இல்லை என்றது நிலைத்துவிட்டது. 'ஃபிரிட்ஜ் அம்மா' என்று பெயரே வைத்தார்கள். அம்மாவிடமிருந்து பிரித்து வைப்பதே சிகிச்சை என்றுகூட நடந்திருக்கிறது.

1964-ல் இந்தப் பழியை மறுத்துப் புத்தகம் எழுதிய உளவியலாளர், தானே ஆட்டிசம் உள்ள மகனின் அப்பா. 1977-ல் பிரிட்டனில் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிறந்த 11 ஜோடிகளில் 4-ல் இருவருக்குமே ஆட்டிசம்; தனித்தனிக் கருவில் பிறந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. இரு தரப்பிலும் ஒவ்வொரு ஜோடியையும் வளர்த்தவள் ஒரே அம்மாதானே! மரபணுவின் பக்கம் பார்வை திரும்பியது அதன்பிறகுதான்.

தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற கதை தெரிந்ததுதான். 12 குழந்தைகளை வைத்து 1998-ல் வந்த கட்டுரையை, வெளியிட்ட இதழே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இப்போது பழி செல்போன் வழியாக வருகிறது. 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்று வீடியோக்களில் முழங்குகிறார்கள். மருத்துவ வகைப்பாட்டில் அப்படியொரு நோய் கிடையாது. சின்னக் குழந்தைக்குப் போன் நல்லதல்ல, சரி. ஆனால் மிக்ஸி சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையை வைத்துக்கொண்டு, ஒரு வாய் சோறு சாப்பிட வேறு வழியில்லாமல் போனை நீட்டியவளிடம் போய், 'அதனாலதான் வந்தது' என்றால்?

என் கவலையெல்லாம் இதற்கு அடுத்த கட்டம்தான். குற்ற உணர்வில் குமைகிறவளிடம் எதையும் விற்றுவிடலாம். ஒட்டகப் பால், லட்சக்கணக்கில் ஸ்டெம் செல் ஊசி. ஆட்டிசத்தைக் குணமாக்கும் என்று நிரூபணமான மருந்து எதுவும் இல்லை. நகையை அடகு வைத்து அதற்கெல்லாம் அலைகிற மாதங்களில் ஸ்பீச் தெரபி நின்றுபோகிறது. ஏச்சுக்குப் பயந்து பிள்ளையை வெளியே கூட்டிப்போகாத வீடுகளும் உண்டு.

அடுத்த கல்யாணத்தில் அப்படியொரு அம்மாவைப் பார்த்தால் எதுவும் கேட்காதீர்கள். அவர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு எழும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.