கெரகத்தைக் கண்ணுல பாத்தாங்களாமா?

எங்க அப்புச்சிக்கு எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை. காரணம், ஒரு தேங்காய்!

கிணத்துக்கடவு பக்கம் அவருடைய தென்னந்தோப்பு. சில வருஷங்களுக்கு முன் கிணறு வற்றிப் போக, நீரோட்டம் பார்க்க ஒருத்தரைக் கூட்டி வந்தார்கள். உள்ளங்கையில் படுத்திருந்த தேங்காய் ஓரிடத்தில் டக்கென்று எழுந்து நின்றது. "எழுநூறு அடியிலே கங்கை!" என்றார் வந்தவர். ஆயிரத்து இருநூறு அடி போர் போட்டும் வந்தது வெறும் புழுதி. ரெண்டு கறவை மாடும், அம்மாயியின் காசுமாலையும் போனதுதான் மிச்சம்.

அப்பேர்ப்பட்டவரிடம் போய், "வேற நட்சத்திரத்தைச் சுத்தற கிரகங்களை நேராவே படம் எடுத்திருக்காங்க அப்புச்சி" என்று வாயை விட்டேன்.

கொங்குச் சீமையில் 'கெரகம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்!

"அட கெரகமே! இருக்கற ஒன்பது பத்தலீன்னு இன்னும் தேடறாங்களாக்கும்? அதுசரி, கண்ணுல பாத்தாங்களா, இல்ல தேங்கா நின்ன கதையா?"

சரியான கேள்வி. இதுவரை உறுதியான வெளிக்கிரகங்கள் 6,000க்கும் மேல். பெரும்பாலானவற்றை யாரும் பார்த்ததில்லை. கிரகம் இழுப்பதால் நட்சத்திரம் லேசாக ஆடும். குறுக்கே போனால் வெளிச்சம் துளி மங்கும். அதை அளந்து கணக்குப் போடுவார்கள். தேங்காயைவிட எவ்வளவோ நம்பகமான கணக்கு, ஆனாலும் கணக்குத்தான். நேராகப் படத்தில் விழுந்தவை நூறுகூடத் தேறாது.

"இந்த மாதிரி கணக்கை அந்தக் காலத்துலயே நம்ம மெட்ராஸ்ல போட்டிருக்காங்க" என்றேன். 1855-ல் நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தில் இருந்த கேப்டன் ஜேக்கப், '70 ஓபியூக்கி' என்ற ரெட்டை நட்சத்திரத்தின் ஓட்டத்தில் ஒரு கோணலைப் பார்த்தார். அங்கே ஒரு கிரகம் இருக்கக்கூடும் என்று எழுதினார்.

"இருந்துச்சா?"

"இல்லீங்க. பின்னால வந்தவங்க தப்புன்னுட்டாங்க."

"பாத்தியா!" என்றார் அப்புச்சி, வெற்றிலையை மடித்தபடி.

பார்ப்பது ஏன் இத்தனை கஷ்டம்? ராத்திரி எதிரே லாரி ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தால், பக்கத்தில் வரும் சைக்கிள்காரர் தெரிவாரா? சூரியனோடு ஒப்பிட்டால் வியாழனின் வெளிச்சம் நூறு கோடியில் ஒரு பங்குதான்.

"கையை வெச்சு லைட்டை மறைச்சுக்கோணும்" என்றார் அப்புச்சி.

அதேதான் ஐடியா! அதற்கு 'கொரோனாகிராஃப்' என்று பெயர். 1930 வாக்கில், சூரியனைச் சுற்றியுள்ள மங்கலான ஒளியைப் பார்க்க பிரெஞ்சுக்காரர் பெர்னார்ட் லியோ செய்தது. 2023-ல் கிளம்பிய நம் ஆதித்யா-எல்1 விண்கலத்திலும் முக்கியக் கருவி இதுதான்.

மறைத்தால் மட்டும் போதாது. தார்ரோட்டுக் கானல் மாதிரி, காற்று படத்தை ஆட்டும். அதைச் சரிக்கட்ட, நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை நெளிந்து கொடுக்கும் கண்ணாடிகள் வைத்திருக்கிறார்கள். அப்படியும் சிக்குவது பெரும்பாலும் பிறந்த சூடு ஆறாத ராட்சசக் குழந்தைகள்தான். அந்தச் சூட்டால் அவை அகச்சிவப்பில் மின்னும்.

2008 நவம்பர் 13-ம் தேதி அப்படி ஒரு படம் வெளியானது. (மறுநாள்தான், நம்ம கோதவாடி மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1, மூவர்ணக் கொடியை நிலாவில் இறக்கியது!) 'எச்.ஆர். 8799' என்ற நட்சத்திரத்தைச் சுற்றி மூன்று கிரகங்கள், ஹவாய்த் தீவின் தொலைநோக்கிகளில் சிக்கின. 2010-ல் நாலாவதும் வந்தது. தூரம் சுமார் 133 ஒளி ஆண்டு. இன்றைக்கு வந்து சேரும் வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோது, கோயமுத்தூரில் ஸ்டேன்ஸ் மில் ஆரம்பித்துச் சில வருஷங்கள்தான் ஆகியிருக்கும்!

"ஒரு புள்ளி தெரிஞ்சா கெரகமாயிருமா? பின்னாடி இருக்கற வேற நட்சத்திரமா இருந்தா?"

இருக்கலாம். அதனால்தான் வருஷக்கணக்கில் காத்திருந்து, அந்தப் புள்ளி நட்சத்திரத்தோடு கூடவே போகிறதா, சுற்றுகிறதா என்று பார்க்கிறார்கள். எச்.ஆர். 8799-ஐ ஏழு வருஷம் எடுத்த படங்களைக் கோத்து, நாலும் நகர்வதை சினிமா மாதிரி காட்டிவிட்டார்கள்.

அதே 2008 நவம்பர் 13-ல், போமல்ஹாட் என்ற நட்சத்திரத்தின் அருகிலும் ஒரு கிரகத்தைப் பார்த்ததாக அறிவித்தார்கள். அது வருஷாவருஷம் மங்கிக் காணாமலே போனது. 2020-ல் பழைய படங்களை அலசிய இரண்டு விஞ்ஞானிகள், ஏதோ மோதியதில் கிளம்பிய புழுதி மேகம்தான் அது என்று சொன்னார்கள்.

"அங்கயும் புழுதிதானா!" தொடையில் தட்டிச் சிரித்தார் அப்புச்சி.

2024-ல் இன்னொன்று. 12 ஒளி ஆண்டு தூரத்தில் இருக்கும் 'எப்சிலான் இண்டி' லேசாக ஆடுவதை வைத்து, அங்கே கிரகம் உண்டு என்று ஏற்கெனவே கணக்குப் போட்டிருந்தார்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்த்தது. கிரகம் இருந்தது. ஆனால் சொன்ன இடத்தில் இல்லை. நினைத்ததைவிட எடையும் அதிகம், தூரமும் அதிகம்.

"தண்ணி இருக்குது. பாயிண்ட்டுத்தான் தப்பு!" என்றவர், கொஞ்ச நேரம் பேசவில்லை. மூடி போட்டு நிற்கும் போர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்கண்ணு, தப்பாப் போனதையெல்லாம் அவங்களே வெளிய சொல்லிப்போட்டாங்களா?"

"ஆமாங்க அப்புச்சி. எல்லாரும் படிக்கற மாதிரி எழுதியே வெச்சுட்டாங்க."

"அப்ப அவங்களை நம்பலாம். நம்ம தேங்காய்க்காரன், போன வாரங்கூட பக்கத்துத் தோட்டத்துல பாயிண்ட் வெச்சுக் குடுத்துட்டுப் போறானே!"