மகாராஜாவின் குதிரை

மைசூரில் ஜகன்மோகன் அரண்மனை இருக்கிறது. இன்று அது ஓவியக்கூடம். 1861-ல் அதைக் கட்டியவர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார். 1799-ல் திப்பு சுல்தான் போரில் இறந்த பிறகு, ஐந்து வயதுச் சிறுவனான இவரை ஆங்கிலேயர் அரியணையில் அமர்த்தினார்கள். 1831-ல் ஆட்சிப் பொறுப்பை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். அரசர் என்ற பெயர் மட்டும் இவரிடம் மிஞ்சியது. 1868-ல் இறக்கும்வரை இவர் இசையிலும் நூல்களிலும் ஓவியத்திலும் விளையாட்டுகளிலும் மூழ்கியிருந்தார். இவர் தொகுத்த ‘ஸ்ரீதத்வநிதி’ ஒன்பது பகுதிகள் கொண்டது. அதில் ஒரு பகுதி முழுக்க விளையாட்டுகளுக்கே உரியது!

இவருக்குப் பிடித்த புதிர்களில் ஒன்று சதுரங்கக் குதிரையைப் பற்றியது. பலகையில் 64 கட்டங்கள். வேறு காய் ஒன்றும் இல்லை, குதிரை மட்டும்தான். இரண்டு கட்டம் நேரே போய் ஒரு கட்டம் பக்கவாட்டில் திரும்பும் அதன் வழக்கமான நடையில், எல்லாக் கட்டத்தையும் ஒரே ஒரு முறை மிதிக்க வேண்டும். மிதித்த கட்டத்துக்கு மறுபடி போகக் கூடாது. முடியுமா?

64 கட்டத்தோடு தொடங்கினால் தலை சுற்றும். ஒரு தாளில் மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டு, வரிசையாக 1 முதல் 9 வரை எழுதுங்கள். 1-ல் நிற்கும் குதிரை 6-க்குத் தாவலாம், 8-க்குத் தாவலாம், வேறெங்கும் போக முடியாது. 6-ல் இருந்து 1-க்கும் 7-க்கும் போகலாம். ஒவ்வொரு எண்ணுக்கும் இப்படிப் பார்த்துவிட்டு வேறொரு தாளை எடுங்கள். எண்களைப் புள்ளிகளாக வைத்து, தாவ முடிந்த இரண்டு புள்ளிகளை ஒரு கோட்டால் இணையுங்கள்.

கோடுகள் முதலில் சிக்கலாகத் தெரியும். புள்ளிகளை நகர்த்தி வரைந்தால் 1, 6, 7, 2, 9, 4, 3, 8, மறுபடி 1 என்று அழகான ஒரு வளையம் கிடைக்கும். நடுக்கட்டமான 5-க்கு மட்டும் ஒரு கோடும் வராது, அது தனியே நிற்கும். ஆகவே இந்தப் பலகையில் குதிரையால் எல்லாக் கட்டத்தையும் மிதிக்க முடியாது. ஒரு முறைகூட விளையாடிப் பார்க்காமலே இதைச் சொல்லிவிட்டோம்!

வளையம் கையில் இருக்கும்போதே பழைய புதிர் ஒன்றையும் போட்டுப் பாருங்கள். 1, 3-ல் வெள்ளைக் குதிரைகள், 7, 9-ல் கறுப்புக் குதிரைகள். வெள்ளை கீழேயும் கறுப்பு மேலேயும் இடம் மாற வேண்டும். கட்டத்தைப் பார்த்து யோசித்தால் ஒன்றின் வழியில் இன்னொன்று நின்று படுத்தும். வளையத்தில் வைத்துப் பாருங்கள்: நான்கு குதிரைகளும் ஒரே திசையில் ஆளுக்கு நான்கு அடி நகர்ந்தால் போதும். மொத்தம் 16 நகர்வு.

இப்படிப் புள்ளியும் கோடுமாக வரையும் படத்துக்குக் கோட்டுரு என்று பெயர். அதைப் பற்றிய கணிதம் கோட்டுருவியல். எத்தனை வழி உண்டு, எத்தனை விதமாக அடுக்கலாம் என்று எண்ணும் கணிதம் சேர்ப்பியல். இரண்டும் கூடப்பிறந்தவை மாதிரி, ஒன்று வரும் இடத்துக்கு மற்றதும் வந்துவிடும்.

அடுத்து ஐந்துக்கு ஐந்து பலகை. சதுரங்கப் பலகை போலவே கறுப்பு வெள்ளையாக நிறம் தீட்டுங்கள். மூலை கறுப்பு என்றால் கறுப்பு 13, வெள்ளை 12. குதிரை எப்போதும் கறுப்பிலிருந்து வெள்ளைக்கும் வெள்ளையிலிருந்து கறுப்புக்கும்தான் தாவும். வெள்ளையில் தொடங்கினால் வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று மாறி மாறிப் போய், 25-வது கட்டமும் வெள்ளையாக இருக்க வேண்டும். அதற்கு 13 வெள்ளை தேவை. இருப்பதோ 12! ஆகவே வெள்ளையில் தொடங்கிய யாரும் ஜெயிக்க முடியாது, எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும். கறுப்பு மூலையில் தொடங்கிப் பாருங்கள், வழி உண்டு.

எட்டுக்கு எட்டு முழுப் பலகையிலும் வழி உண்டு, அதுவும் ஏராளமாக. கடைசிக் கட்டத்திலிருந்து ஒரே தாவலில் முதல் கட்டத்துக்குத் திரும்பும் சுற்றுகள் மட்டுமே 13 லட்சம் கோடிக்கு மேல். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு தாவினால் பாதியிலேயே மாட்டிக்கொள்வோம். 1823-ல் வார்ன்ஸ்டார்ஃப் என்ற ஜெர்மானியர் ஒரு நல்ல உபாயம் சொன்னார். எந்தக் கட்டத்திலிருந்து மேற்கொண்டு போக மிகக் குறைந்த வழி இருக்கிறதோ, அதற்கே முதலில் போக வேண்டும். மூலைக் கட்டத்துக்கு இரண்டே வழி, நடுவில் இருப்பதற்கு எட்டு வழி. மூலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பிறகு அங்கே போகவே முடியாமல் ஆகிவிடலாம்.

மும்மடி கிருஷ்ணராஜருக்கு வழி கண்டுபிடிப்பது மட்டும் போதவில்லை. குதிரை மிதிக்கும் வரிசையில் கட்டங்களுக்கு 1 முதல் 64 வரை எண் போட்டால், ஒவ்வொரு கிடைவரிசையையும் ஒவ்வொரு செங்குத்து வரிசையையும் கூட்டினால் 260 வர வேண்டும். அப்படி ஒரு சுற்று அவர் பெயரால் வழங்குகிறது. மூலைவிட்டங்கள் இரண்டும்கூட 260 ஆகுமா? அது முடியவே முடியாது என்று 2003-ல்தான் தெரிந்தது. கணினிகள் அறுபது நாளுக்கு மேல் தேடி, வரிசைகள் மட்டும் ஒத்துவரும் சுற்றுகள் மொத்தம் 140 என்று எண்ணி முடித்தன. கணினி என்ற பேச்சே இல்லாத காலத்தில் கையாலும் மனத்தாலும் அதில் ஒன்றை எட்டிப்பிடிப்பது எவ்வளவு பெரிய காரியம்!

இந்தக் குதிரை நம் ஊருக்கு மும்மடி கிருஷ்ணராஜருக்கு முன்பே வந்துவிட்டது. காஞ்சிபுரத்தை அடுத்த தூப்புலில் 1268-ல் பிறந்த வேதாந்த தேசிகர், அரங்கனின் பாதுகைகளைப் பற்றி 1,008 சுலோகங்கள் கொண்ட ‘பாதுகா சஹஸ்ரம்’ எழுதினார். அதில் அடுத்தடுத்த இரண்டு சுலோகங்கள், ஒவ்வொன்றிலும் 32 எழுத்து. முதல் சுலோகத்தை நான்கு வரிசை, வரிசைக்கு எட்டு எழுத்தாகக் கட்டத்தில் எழுதி, குதிரை நடையில் தாவித் தாவிப் படித்தால் இரண்டாவது சுலோகம் வருகிறது. இரண்டுக்கும் பொருளும் உண்டு. ஸ்ரீரங்கத்தின்மீது படையெடுப்பு நடந்தபோது தேசிகர் தங்கியதாகச் சொல்லப்படும் சத்தியகாலம், மைசூருக்குக் கிழக்கே கொள்ளேகால் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஜகன்மோகன் அரண்மனைச் சுவரில் உடையார் வம்சத்தின் குடும்ப மரம் தீட்டப்பட்டிருக்கிறது. பெயர்கள் புள்ளி, பெற்றோர் பிள்ளை உறவு கோடு. சுற்றி வந்து மூடும் வளையம் இல்லாத இத்தகைய கோட்டுருவைக் கணிதத்திலும் மரம் என்றே சொல்கிறார்கள். ஆர்தர் கேய்லி என்ற ஆங்கிலேயர் இந்த மரங்களை எண்ணி வேதியியலுக்குக் கொடுத்தார். சமையல் எரிவாயுவில் இருக்கும் பியூட்டேனில் நான்கு கார்பன் அணுக்கள். அவற்றை மரமாக இணைக்க இரண்டே விதம்: நேர்க்கோடாக, அல்லது நடுவில் ஒன்றும் அதைச் சுற்றி மூன்றுமாக. இரண்டும் இயற்கையில் உண்மையாகவே உண்டு. ஐந்து கார்பனுக்கு மூன்று விதம், வரைந்து பாருங்கள். ஓர் அணுவிலிருந்து நான்கு கோட்டுக்கு மேல் போகக் கூடாது என்பதே விதி. பத்துக்கு 75 விதம். இருபதுக்கு 3,66,319!

எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பைத் தருவது இனி வருவதுதான். குதிரைப் புதிரில் எல்லாப் புள்ளிக்கும் ஒரு முறை போக வேண்டும். எல்லாக் கோட்டிலும் ஒரு முறை நடக்க வேண்டும் என்று மாற்றிக் கேட்டால்? 1736-ல் ஆய்லர் என்ற கணித மேதை கோனிக்ஸ்பர்க் நகரத்தின் ஏழு பாலங்களை வைத்து இதற்கு விடை சொன்னார். ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை கோடு சேர்கிறது என்று எண்ணினால் போதும். படம் துண்டு துண்டாகப் பிரியாமல் இருந்து, ஒற்றைப்படை வரும் புள்ளிகள் இரண்டுக்கு மேல் போகாமல் இருந்தால் வழி உண்டு. புள்ளிப் பயணத்துக்கு இவ்வளவு சுலபமான விதியை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இந்தப் பாலப் புதிர் மரபணு ஆய்வாளர்களுக்கும் உதவுகிறது. மனிதரின் டிஎன்ஏ சுமார் 300 கோடி எழுத்து நீளம். இயந்திரத்தால் அதைச் சிறு சிறு துண்டுகளாகத்தான் படிக்க முடியும். துண்டுகளைச் சரியான வரிசையில் கோக்க வேண்டும். ஒவ்வொரு துண்டையும் புள்ளியாக வைத்தால் அது குதிரைப் புதிராகிவிடும், துண்டுகள் பெருகப் பெருகத் தேடி மாளாது. துண்டைக் கோடாக வைத்தாலோ ஆய்லரின் பாலப் புதிர்! பெவ்ஸ்னர், டாங், வாட்டர்மன் என்ற மூவர் 2001-ல் இந்த வழியை விளக்கினார்கள்.

நாமே செய்யலாம். ஒரு ஜதி, அடுத்தடுத்த துண்டுகள் ஓர் எழுத்தைப் பகிர்ந்துகொள்ளும்படி, ஈரெழுத்துத் துண்டுகளாகச் சிதறிவிட்டது: கஜ, தக, மித, திமி, ஜணு, தக, கதி. எழுத்துகளைப் புள்ளிகளாக வைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அம்பு வரையுங்கள். ‘த’விலிருந்து ‘க’வுக்கு இரண்டு அம்பு வரும். எல்லா அம்பிலும் ஒரு முறை நடந்தால் கிடைப்பது ‘தகதிமிதகஜணு’. அவசரப்பட்டு முதலிலேயே ‘ஜணு’ பக்கம் திரும்பினால் வெளியே வர வழி இல்லை, சில அம்புகள் மீந்து நிற்கும்.

ஜதியை ‘தகதிமி தகஜணு தகதிமி’ என்று நீட்டினால் சிக்கல் வருகிறது. ‘தகஜணு தகதிமி தகதிமி’ என்பதைச் சிதறடித்தாலும் அதே துண்டுகள்தான் வரும். மூன்றெழுத்துத் துண்டுகளாக வெட்டினாலும் வித்தியாசம் தெரியாது, சரிபார்த்துக்கொள்ளுங்கள். நான்கெழுத்தாக வெட்டினால்தான் குட்டு உடையும்: ‘மிதகஜ’ இருந்தால் முதலாவது, ‘மிதகதி’ இருந்தால் இரண்டாவது. நம் டிஎன்ஏவிலும் ஒரே எழுத்துத்தொடர் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் நிறைய. மனித மரபணுத்தொகுதியைப் படித்து முடித்ததாக 2003-ல் அறிவித்தபோதும் சுமார் 8 விழுக்காடு கோக்க முடியாமல் நின்றதற்கு அதுவே பெரிய காரணம். ஆயிரக்கணக்கான எழுத்துகளை ஒரே துண்டாகப் படிக்கும் இயந்திரங்கள் வந்த பிறகு, 2022-ல் அந்த இடைவெளிகளை நிரப்பினார்கள்.