வளர்ந்து நீ என்னவாகப் போகிறாய்?



"மக்ளே, நீ வளந்து என்னவா ஆவ?" நம் கருங்கல் வட்டாரத்தில் சின்னப் பிள்ளைகளைக் கண்டால் பெரியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. நான்கு வயதுப் பிள்ளை "பஸ் டிரைவர்" என்று சொல்லும். அதே பிள்ளை எட்டு வயதில் "போலீஸ்" என்று சொல்லும். பத்தாம் வகுப்பில் "டாக்டர்" என்று சொல்லும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த பிறகு அதே கேள்வியைக் கேட்டால் சில வேளைகளில் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொள்ளும். நாற்பது வயதில் யாரும் இந்தக் கேள்வியை அவரிடம் கேட்பதில்லை. ஆனால் அவர் தமக்குள்ளே கேட்டுக்கொண்டிருப்பதை, வீடு சந்திக்கப் போகும்போது ஒரு பங்குத்தந்தை அடிக்கடி காண நேரிடுகிறது.

சிறு வயதுக் கனவு மாறினால் அது தோல்வியா? அல்லது வளர்ச்சியின் ஒரு பகுதியா? இதைச் சற்று ஆழமாகச் சிந்திப்போம்.

கனவு ஏன் மாறுகிறது?

கனவு மாறுவது மனித இயல்பு என்பதை அறிஞர்கள் நெடுங்காலமாகவே எடுத்துச் சொல்லி வந்திருக்கிறார்கள். 1951-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் எலி கின்ஸ்பெர்க்கும் அவருடைய குழுவினரும் இதை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள். ஏறத்தாழ 11 வயது வரை கற்பனைப் பருவம். அதில் தடை என்பதே கிடையாது. அடுத்து 17 வயது வரை தற்காலிகத் தேர்வின் பருவம். எனக்கு எது பிடிக்கும், எது வரும் என்று பிள்ளை தன்னையே சோதித்துப் பார்க்கிறது. அதன்பின் நடைமுறைப் பருவம். விருப்பம், திறமை, பணம், வாய்ப்பு ஆகிய எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரு முடிவுக்கு வருகிறது.

1981-இல் லிண்டா காட்ஃப்ரெட்சன் என்ற அறிஞர் இன்னும் நுட்பமான ஒன்றைச் சுட்டிக்காட்டினார். பிள்ளைகள் வளர வளரக் கனவுகளைச் சேர்ப்பதைவிடக் கழிப்பதே அதிகம் என்றார். மூன்று முதல் ஐந்து வயதில் பெரியது, வலிமையானது எதுவோ அதுவே கனவு. பஸ்ஸும் யானையும் காவலரும் மனதைக் கவர்வது இதனால்தான். ஆறு முதல் எட்டு வயதில் "இது ஆண் வேலை, இது பெண் வேலை" என்று பிள்ளை கழிக்கத் தொடங்குகிறது. ஒன்பது முதல் பதின்மூன்று வயதில் "இதற்கு ஊரில் மதிப்பு இல்லை" என்று கழிக்கிறது. பதினான்கு வயதுக்குப் பிறகுதான் "நான் யார்? எனக்கு எது பொருந்தும்?" என்று கேட்கிறது.

இதில் நம்மைத் திடுக்கிட வைக்கும் செய்தி ஒன்று உண்டு. தான் யார் என்று பிள்ளை கேட்கத் தொடங்குவதற்கு முன்பே பாதிக் கதவுகள் மூடப்பட்டுவிடுகின்றன. மூடுகிறவர்கள் நாம்தான். "பனை ஏறப் போறியா?", "கடலுக்குப் போறதுக்கா இவ்வளவு படிச்ச?", "பால்வெட்டத்தான் லாயக்கு" என்று நம் வீடுகளில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். பத்து வயதுப் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டே, தன் அப்பாவின் தொழிலைத் தன் பட்டியலிலிருந்து அழித்துவிடுகிறது. சில நேரங்களில் அப்பாவையே குறைவாக எண்ணத் தொடங்கிவிடுகிறது.

ஒன்பதாம் இடம் பெற்ற இளைஞர்

இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமின் இளமைக் கனவு, விமானம் ஓட்டுவது. திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பிறகு சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் பயின்றார். படிப்பை முடித்ததும் விமானப் படைத் தேர்வுக்காக டேராடூன் சென்றார். 25 பேர் வந்திருந்தார்கள். இடங்கள் 8. கலாம் பெற்றது 9-ஆம் இடம்! ஒரே ஓர் இடத்தில் பல ஆண்டுக் கனவு கலைந்தது. மனம் உடைந்த அவர் ரிஷிகேசம் சென்று, அங்கே சுவாமி சிவானந்தரின் ஆறுதலைப் பெற்றதைப் பின்னாளில் தாமே எழுதியிருக்கிறார்.

அதன்பின் நடந்ததை நாடே அறியும். திருவனந்தபுரம் அருகே தும்பா என்ற மீனவக் கிராமத்தில், ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவும் இறைமக்களும் மனமுவந்து விட்டுக்கொடுத்த புனித மகதலா மரியா ஆலயம்தான் இந்திய விண்வெளி ஆய்வின் தொடக்ககால அலுவலகம். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது. அங்கே பணியாற்றிய இளம் பொறியாளர்களில் கலாமும் ஒருவர். 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்தியபோது அத்திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் அவரே.

2006 ஜூன் 8 அன்று, குடியரசுத் தலைவராக இருந்த கலாம், தம் 74-ஆம் வயதில் புனே விமானப் படைத் தளத்திலிருந்து சுகோய்-30 போர் விமானத்தில் பறந்தார். இளமையில் மூடிய கதவு, முதுமையில் சில நிமிடங்களுக்குத் திறந்தது. ஆனால் அதற்குள் அந்தக் கனவு அவருக்கு வாழ்வின் மையமாக இல்லை. பதவிக்காலம் முடிந்ததும் அவர் தேடிச் சென்றது மாணவர்களைத்தான். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்களுக்கு உரையாற்றிக் கொண்டிருந்தபோதுதான் அவர் உயிர் பிரிந்தது. விமானியாக விரும்பியவர் பொறியாளராகி, ஆசிரியராக விடைபெற்றார்.

நம் மாவட்டத்தின் மகன்

இன்னொருவர் நமக்கு மிக அருகில் இருப்பவர். நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளையில் ஓர் எளிய விவசாயியின் மகனாகப் பிறந்த கை. சிவன். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர். பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. குடும்ப நிலையோ இடம் தரவில்லை. பக்கத்திலேயே படித்தால் தோட்ட வேலைக்கும் உதவியாக இருப்பான் என்று தந்தை எண்ணினார். மகன் உண்ணாமல் அடம்பிடித்தும் பயனில்லை. நாகர்கோவில் இந்துக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்தார்.

அதன்பின் தந்தையே, ஒருமுறை உன்னைத் தடுத்துவிட்டேன், இனித் தடுக்க மாட்டேன், நிலத்தை விற்றாவது படிக்க வைக்கிறேன் என்ற கருத்தில் சொன்னதாகச் சிவன் பேட்டிகளில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். எம்.ஐ.டி.யில் சேர்ந்து 1980-இல் விமானப் பொறியியல் பட்டம் பெற்றார். உடனே வேலை கிடைக்கவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மேற்படிப்பு படித்தார். செயற்கைக்கோள் மையத்தில் சேர விரும்பினார். கிடைத்ததோ திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். அங்கே அவர் விரும்பிய பிரிவும் கிடைக்கவில்லை. 1982-இல் பி.எஸ்.எல்.வி. திட்டத்தில் சேர்க்கப்பட்டார்.

கேட்டது எதுவும் கேட்டபடி கிடைக்கவில்லை! ஆனால் வேண்டாமல் கிடைத்த கணிதமே அவருக்கு ஆயுதமாயிற்று. ராக்கெட் செல்லும் பாதையைக் கணித்துச் சொல்லும் 'சித்தாரா' என்ற மென்பொருளை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் அவர். 2018 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவரானார். 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2 விண்கலத்தின் தரையிறங்கும் கலம் நிலவின் அருகே தொடர்பை இழந்தபோது, பிரதமரின் தோளில் சாய்ந்து அவர் கண்கலங்கியதை நாடே பார்த்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 வெற்றிகரமாகத் தரையிறங்கியபோது அவர் அந்தப் பதவியில் இல்லை. சில கனவுகளை ஒருவர் விதைக்க, வேறொருவர் அறுப்பார் என்பதும் வாழ்வின் பாடமே.

2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவரான வி. நாராயணனும் நம் மாவட்டத்தின் மேலகாட்டுவிளையைச் சேர்ந்தவர். பட்டயப் படிப்பு முடித்து, தனியார் ஆலைகளிலும் பெல் நிறுவனத்திலும் சிறிது காலம் பணியாற்றிய பிறகே 1984-இல் இஸ்ரோவுக்குள் நுழைந்தார். இவர்கள் யாரும் நேர்வழிச் சாலையில் வந்தவர்கள் அல்லர். வளைந்து வளைந்துதான் வந்தார்கள்.

கறிக்கடைக்காரரும் திருத்தந்தையும்

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் சிறு வயதில் என்னவாக விரும்பினார் தெரியுமா? கறிக்கடைக்காரராக! சந்தையில் இறைச்சி வெட்டுபவர் கத்தியைக் கையாண்ட விதம் அவரை ஈர்த்ததாகப் பாடகற்குழுச் சிறுவர்களிடம் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். பின்னர் வேதியியல் தொழில்நுட்பம் படித்தார், ஆய்வகத்தில் வேலை செய்தார், அதன்பின்னரே இயேசு சபையில் சேர்ந்தார். புனித இரண்டாம் யோவான் பவுல், போலந்து மொழியும் இலக்கியமும் படிக்கப் பல்கலைக்கழகம் சென்றவர், நாடக நடிகர். 1939-இல் போர் வந்தது, பல்கலைக்கழகம் மூடப்பட்டது. கல் குவாரியில் உழைத்தார். 1942-இல் மறைவாக இயங்கிய குருமடத்தில் சேர்ந்தார். மேடையில் பழகிய அந்தக் குரல் வீணாகவில்லை என்பதை உலகம் பின்னர் கண்டது.

இங்கே ஓர் உண்மை புலப்படுகிறது. தொழிலின் பெயர் மாறுகிறது. அதற்குள் இருக்கும் நாட்டம் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. டாக்டராக விரும்பும் பிள்ளைக்குள் நோயுற்றோர் மீது இரக்கம் இருக்கலாம், அல்லது உடலைப் பற்றிய அறிவுத் தேடல் இருக்கலாம், அல்லது ஊரார் மதிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் இருக்கலாம். முதல் இரண்டுக்கும் செவிலியம், மருந்தியல், உயிரியல் ஆய்வு, முதியோர் பராமரிப்பு என்று பத்து வழிகள் உண்டு. மூன்றாவதற்கு எந்த வழியும் போதாது.

குறுகிவிட்ட கனவுகள்

பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி நிறுவனம் 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 41 நாடுகளில் 15 வயதுப் பிள்ளைகளின் விருப்பத்தைக் கேட்டதில், மாணவியரில் 53 விழுக்காட்டினரும் மாணவரில் 47 விழுக்காட்டினரும் வெறும் பத்துத் தொழில்களுக்குள்ளேயே தங்கள் கனவை அடக்கிவிட்டார்கள். இந்தியா அதில் இடம்பெறவில்லை. நம் வீடுகளில் பட்டியல் அதைவிடச் சிறியது என்பதை நாம் அறிவோம்.

நீட் தேர்வை 2025-இல் 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல்தான். அப்படியானால் இருபது லட்சம் பிள்ளைகள் தோற்றவர்களா? ஒரே வாசலை மட்டும் காட்டி, "இதற்குள் போகாவிட்டால் நீ ஒன்றுமில்லை" என்று சொன்னது யார்? தேர்வு முடிவு வரும் நாளில் பிள்ளைகளின் உயிரே ஊசலாடுகிறது. செய்தித்தாள்களில் படித்து வருந்துகிறோம். அது நம் பக்கத்து வீடாக மாற ஒரு கடுஞ்சொல் போதும்.

பெற்றோரே, என்ன செய்யலாம்?

1. "என்னவாகப் போகிறாய்?" என்பதோடு நிறுத்தாமல், "ஏன் அது பிடிக்கிறது?" என்றும் கேளுங்கள். பதிலில்தான் பிள்ளையின் நாட்டம் ஒளிந்திருக்கிறது.

2. பிள்ளையின் முன்னிலையில் எந்தத் தொழிலையும் இழிவாகப் பேசாதீர்கள், உங்கள் தொழிலையும்கூட.

3. உங்கள் நிறைவேறாத கனவைப் பிள்ளையின் தோளில் ஏற்றாதீர்கள். சிவனின் தந்தை தடுத்ததோடு நின்றுவிடவில்லை, பின்னர் வழிவிட்டார். அதுதான் அவரது பெருமை.

4. தேர்வுக்கு முன்பே இரண்டாம் வழியையும் மூன்றாம் வழியையும் பற்றிப் பேசி வையுங்கள். தேர்வு முடிவு நாளில் முதலில் சொல்ல வேண்டியது, "மக்ளே, வா, சாப்பிடு" என்பதுதான். மற்றவை நாளைக்குப் பேசலாம்.

நாற்பதைக் கடந்தவர்களுக்கு

வளைகுடா நாட்டில் இருபது ஆண்டு உழைத்துத் திரும்பியவர்கள், கனவை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் குடும்பத்தை நடத்திய தாய்மார்கள் நம்மிடையே பலர். "நான் ஆக நினைத்தது ஒன்று, ஆனது ஒன்று" என்று அவர்கள் சொல்லும்போது குரல் தாழ்கிறது. அவர்களிடம் சொல்ல வேண்டியது இதுதான்: தங்கையைக் கரையேற்றியதும், தம்பியைப் படிக்க வைத்ததும், வீட்டில் அடுப்பு அணையாமல் பார்த்ததும் தோல்வி அல்ல. அவை அன்பினால் செய்த தேர்வுகள். மேலும், வாழ்வு இன்னும் முடிந்துவிடவில்லை. ஆசிரியராக ஆசைப்பட்டவர் மாலையில் நான்கு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம். பாட விரும்பியவருக்குப் பாடகற்குழுவில் இடம் உண்டு.

பேதுரு வலை வீசிக்கொண்டிருந்தபோது அழைக்கப்பட்டார். தமக்கு முன்னே இருக்கும் வழி எதுவென்று அன்று அவருக்குத் தெரியாது. நமக்கும் முழு வழி தெரிவதில்லை. அடுத்த அடி மட்டும் தெரிகிறது. அதை நேர்மையோடும் அன்போடும் எடுத்து வைக்க நம் பிள்ளைகளுக்குத் துணை நிற்போமா?