கழற்றி மாட்டும் கிளிப்: முதல் பத்து நாள்

வெள்ளகோவில்காரர்களுக்கு முதலில் ஒன்று: பல் கிளிப்பை மாட்டிக்கொண்டு முருங்கைக்காயைக் கடிக்காதீர்கள். நம் சந்தைக்கு மூட்டை மூட்டையாக வந்திறங்கும் காய், குழம்பில் இல்லாத வாரம் கிடையாது. ஆனால் சக்கையை மெல்லும்போது நார் கம்பிக்குள் சிக்கும், கம்பியும் வளையும். கழற்றிவிட்டுச் சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, உடனே மாட்டுங்கள்.

அந்த ‘உடனே’தான் முக்கியம். கிளிப் என்பது அண்ணத்தில் ஒட்டி உட்காரும் அக்ரிலிக் தட்டு. கடைவாய்ப் பல்லைப் பிடிக்கக் கொக்கி, முன்பல்லைத் தள்ள மெல்லிய கம்பி. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே நாராலான மெல்லிய சவ்வு உண்டு. கம்பி தள்ளத் தள்ள, அழுந்தும் பக்கத்து எலும்பு கரையும், மறுபக்கம் புது எலும்பு வளரும். மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் நகரும். பள்ளிக்கூடத்துக்குக் கழற்றிவைத்து, ராத்திரி மட்டும் மாட்டினால் அதுவும் நகராது. லேசாகக் கோணிய பல்லுக்குத்தான் இது. நெருக்கியடித்து முளைத்திருந்தால் நிரந்தரமாக ஒட்டும் கம்பி வேண்டும்.

முதல் மூன்று நாலு நாள் பல் வலிக்கும், எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். அரிசிம்பருப்புச் சாதத்தைக் குழைய வேகவைத்துக் கொடுங்கள்.

வலியைவிடப் பிள்ளைகளை வாட்டுவது பேச்சு. த, ச, ல சொல்ல நாக்கு முன்பல் பக்கம் போகும். ட, ள, ழ சொல்ல அண்ணத்துக்கு வளையும். இரண்டு இடத்திலும் இப்போது தட்டு. ‘வாழைப்பழம்’ வாயிலேயே குழறும். “என்ன கண்ணு, வாயில முட்டாயா?” என்று யாராவது ஒரு தடவை கேட்டால் போதும், பிள்ளை பேசுவதையே நிறுத்திவிடும். தயவுசெய்து கேட்காதீர்கள். தினமும் செய்தித்தாளை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பேசப் பேச, பத்து நாளுக்குள் நாக்கு வழி கண்டுபிடித்துவிடும்.

கிளிப் தொலைவது பெரும்பாலும் விருந்தில்தான். இலையோரம் கழற்றி வைத்து, இலையை மடக்கி எழுந்தால் போயிற்று. பையில் டப்பா இருக்கட்டும். பச்சைத் தண்ணீரில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் தட்டின் வடிவம் மாறிவிடும். கம்பி குத்தினாலும், சில நாள் விட்டுப்போய் மாட்ட முடியாமல் இறுகினாலும் குறடு எடுத்து நீங்களே வளைக்காதீர்கள். உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

பல் வரிசைக்கு வந்த பிறகும் பல மாதம் ராத்திரியில் ஒரு தட்டு போடச் சொல்வார்கள். சுற்றியுள்ள எலும்பு இறுகும்வரை பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும்.