ஒரு நாள் வெடிக்கு ஒரு வருஷ வேலை

தீபாவளி ஒரு நாள். சரவெடி சில நிமிஷம். அதற்குத் திரி செருகும் சிவகாசிக் கைகளுக்கோ வேலை வருஷம் பூரா!

எம்.பி.ஏ. படித்த என் நண்பர்கள் இதை ‘அக்ரிகேட் பிளானிங்’ என்பார்கள். மிரளாதீர்கள். புஸ்வாணம் எத்தனை, சங்குசக்கரம் எத்தனை என்று தனித்தனியாக மண்டையை உடைத்துக்கொள்ளாமல், மொத்தமாக எவ்வளவு சரக்கு, எத்தனை ஆள், எவ்வளவு கையிருப்பு என்று முன்கூட்டியே போடும் கணக்கு. அவ்வளவுதான். 1950-களில் அமெரிக்காவில் ஒரு பெயின்ட் ஃபாக்டரிக்காக நாலு பேர் இதைச் சமன்பாடாகவே எழுதினார்கள். அதில் ஹெர்பர்ட் சைமன், மொடிலியானி இருவருக்கும் பிற்பாடு நோபல் பரிசு கிடைத்தது. (பெயின்ட்டுக்காக அல்ல!)

வழி இரண்டு. ஒன்று, ஆர்டருக்குத் தக்கபடி ஆள். ஸ்வீட் கடைக்காரர் தீபாவளிக்கு முன்னால் கூடுதலாக மாஸ்டர்களைப் பிடிப்பது அப்படித்தான். ஜனவரியில் பிழிந்த ஜாங்கிரியை அக்டோபரில் விற்க முடியுமா, ஸார்?

இன்னொன்று, மாசாமாசம் ஒரே அளவு செய்து மிச்சத்தை குடோனில் அடுக்குவது. இது சிவகாசி வழி. ஈரம் படாவிட்டால் பட்டாசு கெடாது. பழகின கைகளும் கலைந்து போகாது.

ஆனால், சும்மா கிடைக்குமா? என் பி.காம். மூளை கணக்குப் போட்டது. பன்னிரண்டு மாசம் செய்து கடைசியில் விற்றால், ஒரு பெட்டி சராசரியாக ஆறு மாசம் தூங்குகிறது. வட்டி 12 சதவீதம் என்று வையுங்கள். 100 ரூபாய்ச் சரக்கில் 6 ரூபாய் புஸ்! தவிர, வெடிபொருள் குடோனில் லைசென்ஸில் போட்ட அளவுக்கு மேல் அடுக்கவும் கூடாது.

நிஜமான பயம் வேறு. கடைசி நேரத்தில் டிமாண்டே காணாமல் போவது. 2017-ல் வடக்கே தீபாவளிக்குப் பத்தே நாள் இருக்கும்போது, அக்டோபர் 9-ம் தேதி, டெல்லி வட்டாரத்தில் பட்டாசு விற்பனையை நிறுத்தியது சுப்ரீம் கோர்ட். மறு வருஷம் பேரியம் உப்புக்குத் தடை. பசுமைப் பட்டாசு மட்டுமே செய்யலாம் என்றது தீர்ப்பு. டெல்லிக்காரரின் நுரையீரல் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால், செய்து முடித்த சரக்கை ‘செய்யவில்லை’ என்று ஆக்க முடியாதே! அந்தத் தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. தினக்கூலிக்கு ஏது குடோன்?

டிமாண்ட் என்றைக்குமே ஏறும், இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை யார் தலையில் கட்டுவது, குடோன் தலையிலா, தொழிலாளி தலையிலா என்பதுதான் பிளானிங்.

உங்கள் ஆபீஸிலும் மார்ச்சில் ராத்திரி பத்து மணி, ஏப்ரலில் கொட்டாவியா? யார் தலை என்று தெரியவேண்டுமானால், தலை வாரும்போது எதிரே பாருங்கள்!