பிள்ளைகளின் கண்ணுக்குத் துளி மருந்து ஏன்?

“கண் பார்க்கக் கொண்டுபோனால் ஏதோ மருந்தை விட்டுப்போட்டினம் சுவாமி. பிள்ளைக்கு இப்ப புத்தகத்து எழுத்தும் தெரியேல்லையாம்.” கிராமங்களுக்குச் செல்லும்போது தாய்மார் எம்மிடம் இப்படி முறையிடுவதுண்டு. இந்தப் பயத்தினால் சிலர் மருந்து விடுமுன்பே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பிவிடுகின்றனர். அந்த மருந்து எது, அதனை ஏன் விடுகிறார்கள் என்பதை இங்கு விளக்க விரும்புகிறோம்.

கண் தன் குறையை மறைக்கும்

நெல் மூட்டையைத் தராசில் ஏற்றி நிறுக்கும்போது ஒருவர் அதைக் கீழிருந்து கையால் தாங்கிக்கொண்டு நின்றால் சரியான நிறை தெரியுமா? கையை எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் நிறுக்க வேண்டும். பிள்ளையின் கண்ணிலும் இப்படித் தாங்கும் ஒரு கை உண்டு. கண்வில்லையைச் சுற்றியுள்ள பிசிர்த்தசையே அது. கிட்டவுள்ள பொருளைப் பார்க்கையில் இத்தசை சுருங்க, வில்லை தடித்து வலுக்கூடுகிறது.

சிறுவரில் இந்த ஆற்றல் மிக அதிகம். 10 வயதுப் பிள்ளையின் கண் 12 டயொப்ரருக்கு மேல் தன் வலுவைக் கூட்டக்கூடியது. 50 வயதில் அது 2 அல்லது 3 ஆகக் குறைந்துவிடும். அதனாலேயே பெரியவர்கள் ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேடுகிறார்கள்.

இதனால் பரிசோதனையில் இரு தவறுகள் நேரலாம். நீள்பார்வை உள்ள பிள்ளை தசையை இறுக்கிச் சமாளித்து, சுவரிலுள்ள எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை வாசித்துவிடும். கண்ணில் குறையில்லை என்று நாம் எண்ணிவிடுவோம். அதே பிள்ளை பின்னேரத்தில் தலையிடி என்னும். புத்தகத்தை விரித்ததும் கண்ணைக் கசக்கி எழுந்துவிடும். சில பிள்ளைகளுக்கு ஒரு கண் உள்நோக்கித் திரும்பி மாறுகண்ணும் ஏற்படும். மறுபுறத்தில், கருவிக்குள் உற்றுப் பார்க்கும் பிள்ளையின் தசை இறுகி, இல்லாத குறும்பார்வையை இருப்பதுபோலக் காட்டும்; உள்ளதைக் கூட்டியும் காட்டும். ஆகவே, கம்பியூட்டரில் இரண்டு நிமிடம் பார்த்து எழுதிய இலக்கத்தை மட்டும் நம்பிச் சிறுபிள்ளைக்குக் கண்ணாடி வாங்கக் கூடாது.

மருந்து செய்வது என்ன?

சைக்கிளோபென்ரோலேற், அற்றோப்பின் ஆகிய துளி மருந்துகள் அத்தசையைச் சிறிது காலம் ஓய வைக்கின்றன. தாங்கிய கை எடுபட, உண்மையான அளவு தெரிகிறது. பின்னர் வைத்தியர் சிறிய ஒளிக்கருவியால் கண்ணுக்குள் வெளிச்சம் செலுத்தி, அது திரும்பி வரும் அசைவைக் கொண்டு குறையை அளக்கிறார். பிள்ளை பதில் சொல்லத் தேவையில்லை. கைக்குழந்தையையும் இவ்வாறு சோதிக்கலாம். இது புதிய முறையுமல்ல. ஒல்லாந்து வைத்தியர் டொண்டர்ஸ் 1864இல் வெளியிட்ட நூலின் காலத்திலேயே அற்றோப்பின் இதற்குப் பயன்பட்டது.

சைக்கிளோபென்ரோலேற்றைச் சில நிமிட இடைவெளியில் இரு தடவை விடுவார்கள். அது பிடிக்க அரை மணி முதல் முக்கால் மணி வரை செல்லும். எமது பிள்ளைகளுடையதைப் போன்ற கருமையான கண்ணில் மருந்து மெதுவாகவே வேலை செய்வதால் மீண்டும் விட நேரலாம். பொதுவாக ஒரு நாளில் கண் பழைய நிலைக்கு வரும். அற்றோப்பினைப் பெரும்பாலும் சிறுபிள்ளைகளுக்கும் மாறுகண் உள்ளோருக்கும் கொடுத்து, வீட்டில் சில நாட்கள் விடச் சொல்வார்கள். அதன் மங்கல் ஒரு வாரம், சிலவேளை இரு வாரம் நிற்கும். கிட்ட எழுத்து மங்குவதும் வெயில் கூசுவதும் மருந்து பிடித்ததன் அடையாளமேயன்றி, பார்வை கெட்டதன் அடையாளமல்ல.

காலம் தாழ்த்தினால்

ஒரு கண்ணில் குறை கூடுதலாக இருந்தால் மூளை அக்கண்ணின் மங்கிய காட்சியைத் தள்ளிவிட்டு மற்றக் கண்ணையே நம்பப் பழகிவிடும். இதுவே சோம்பல் கண். ஏழு, எட்டு வயதுக்கு முன் கண்டுபிடித்தால் திருத்துவது இலகு. வயது ஏற ஏற அது கடினமாகும். பின்னர் கண்ணாடி போட்டாலும் அக்கண் தெளிவதில்லை. 1996இல் கிளிநொச்சியிலிருந்தும், 2008, 2009இல் வன்னிக் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது கண்ணைப் பற்றி நினைக்க யாருக்கும் முடியவில்லை. செட்டிகுளம் முகாம்களில் சிறுவராக இருந்தோர் இன்று பெற்றோர். அவர்களது பிள்ளைகளாவது அந்த வயதைத் தவறவிடக் கூடாது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

1. பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் கண் பிரிவுக்குக் கடிதம் தந்தால் பிந்த வேண்டாம். அரச வைத்தியசாலையில் பணம் அறவிடப்படுவதில்லை. துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ போய்வர ஒரு நாட்கூலி போய்விடும் என்பதை அறிவோம். ஆயினும் அன்று முழுநாளையும் ஒதுக்கியே செல்லுங்கள்.

2. பிள்ளைக்கு வலிப்பு, இருதய நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

3. வீட்டில் மருந்து விட்டபின் மூக்கோரமாகக் கண்மூலையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கையைக் கழுவுங்கள். போத்தலைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் நஞ்சு.

4. காய்ச்சல், முகம் சிவத்தல், நெஞ்சுப் படபடப்பு, பிதற்றல் கண்டால் மருந்தை நிறுத்தி உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

5. ஊமத்தையிலும் அற்றோப்பின் உண்டு. அதற்காக ஊமத்தஞ் சாற்றைக் கண்ணில் விட வேண்டாம். அதன் அளவை எவரும் அறியார்.

6. மங்கல் தீரும்வரை வெயிலுக்குத் தொப்பி போடுங்கள். சைக்கிள் ஓட விடாதீர்கள். வகுப்பு ஆசிரியருக்கும் சொல்லிவிடுங்கள்.

பெத்சாயிதாவில் இயேசு முதலில் தொட்டபோது பார்வையற்றவருக்கு மனிதர் மரங்கள் போல் தெரிந்தனர். மீண்டும் தொட்டபின்பே எல்லாம் தெளிந்தது என்று மாற்கு எழுதுகிறார். அவர் இடையில் எழுந்து போய்விடவில்லை. நாமும் பிள்ளையின் கண் மங்கியிருக்கும் அந்தச் சில மணி நேரம் பொறுத்திருந்து, சரியான இலக்கத்தோடு வீடு திரும்புவோம்.